ஏயூஆர் பேக்கேஜை நிறுவும் முன் பிகேஜிபில்டைப் படிப்பது எப்படி?

ஒரு மென்பொருள் வேண்டும். ஆர்ச் லினக்ஸின் அதிகாரபூர்வ ரெப்போவில் (மென்பொருள் களஞ்சியத்தில்) இல்லை, ஏயூஆரில் இருக்கிறது. டெர்மினலைத் திறந்து பேக்கேஜ் பெயரைத் தட்டுகிறோம், கேட்கிற கேள்விக்கெல்லாம் என்டர் அழுத்துகிறோம், கடைசியில் பாஸ்வேர்டும் கொடுத்துவிடுகிறோம். நடுவில் ஒரு கேள்வி வந்து போகும்: பில்ட் ஸ்கிரிப்டைக் காட்டட்டுமா? இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

ஏயூஆர் என்பது பயனர்களே ஏற்றும் பில்ட் ஸ்கிரிப்ட்களின் தொகுப்பு. மென்பொருளை எங்கிருந்து இறக்கி எப்படிக் கட்டுவது என்று சொல்லும் அந்த ஸ்கிரிப்ட் ஃபைலின் பெயர்தான் பிகேஜிபில்ட். கணக்கு திறந்த எவரும் அங்கே பேக்கேஜ் ஏற்றலாம். வெளியாகும் முன் யாரும் சரிபார்ப்பதில்லை. உங்கள் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்துங்கள் என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, படிக்கும் வேலை நம்முடையது. நல்ல செய்தி, பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் நாற்பது, ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

எது, எப்போது, யாருடைய உரிமையில் ஓடுகிறது

படிகளுக்குப் போகும் முன் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பிகேஜிபில்ட் ஒரு பேஷ் ஸ்கிரிப்ட், அதாவது டெர்மினல் கட்டளைகளின் தொகுப்பு. பெயர், பதிப்பு எண், சார்புகள் (தேவைப்படும் பிற பேக்கேஜ்கள்) என்று மேலே வரிசையாக இருப்பதால் செட்டிங்ஸ் ஃபைல் போலத் தெரியும். ஆனால் பேக்கேஜைக் கட்டும் கருவியான மேக்பிகேஜி அதை அப்படியே பேஷுக்குள் ஏற்றி ஓட்டுகிறது. ஃபங்ஷன்களுக்கு வெளியே ஒரு கட்டளை எழுதியிருந்தால், மேக்பிகேஜி அந்த ஃபைலைத் தொட்ட நொடியே அது ஓடிவிடும். பேக்கேஜைக் கட்டக்கூட வேண்டாம். விவரங்களை மட்டும் அச்சிடு என்று சொன்னாலும், செக்சமை (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்ணை) மட்டும் பார் என்று சொன்னாலும் ஓடும். அதனால் "முதலில் மேக்பிகேஜியை ஓட்டிச் சோதித்துப் பார்ப்போம், அப்புறம் படிப்போம்" என்பது தலைகீழ் வரிசை.

அடுத்து ஃபங்ஷன்கள்: பிரிப்பேர், பிகேஜிவெர், பில்ட், செக், பேக்கேஜ். இவை உங்கள் பயனர் கணக்கின் உரிமையில் ஓடுகின்றன. ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, ஓட்டினால் மேக்பிகேஜியே மறுத்துவிடும். ரூட் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் எஸ்எஸ்எச் சாவி (சர்வர்களுக்குள் நுழையும் ரகசியச் சாவி), பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குடும்பப் படங்கள் எல்லாமே உங்கள் ஹோம் ஃபோல்டரில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்க ரூட் தேவையே இல்லை.

மூன்றாவது, டாட் இன்ஸ்டால் என்று முடியும் தனி ஃபைல். எல்லாப் பேக்கேஜிலும் இருக்காது. இருந்தால், பேக்கேஜை நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும் நீக்கும்போதும் ஆர்ச்சின் பேக்கேஜ் மேலாண்மைக் கருவியான பேக்மேன் அதை ரூட்டாக ஓட்டும்.

படி 1: கிளோன் மட்டும் செய்யுங்கள்

ஏயூஆரில் ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு தனி கிட் ரெப்போ (ஃபைல்களை மாற்றங்களின் வரலாற்றோடு சேமிக்கும் இடம்). பேக்கேஜ் பக்கத்தில் உள்ள முகவரியை கிட் குளோன் செய்தால் ஒரு சிறு ஃபோல்டர் வரும். அதற்குள் இருக்கும் எல்லா ஃபைல்களையும், புள்ளியில் தொடங்கி மறைந்திருப்பவை உட்பட, முதலில் பட்டியலிடுங்கள். பிகேஜிபில்ட், டாட் எஸ்ஆர்சிஇன்ஃபோ (பிகேஜிபில்டின் விவரச் சுருக்கம்), சில பேட்ச்கள், ஒரு டெஸ்க்டாப் ஃபைல் என்று இருந்தால் வழக்கமானதுதான். கூடுதலாக ஒரு ஷெல் ஸ்கிரிப்டோ, பைனரியோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையப் பக்கத்தில் காட்டும் சார்புகளையும் சோர்ஸ் முகவரிகளையும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அந்தப் பக்கம் எஸ்ஆர்சிஇன்ஃபோவிலிருந்து உருவாகிறது. ஓடப்போவது பிகேஜிபில்ட். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது வழக்கம்தான், ஆனால் வேண்டுமென்றே மாற்றி வைப்பவரை அது தடுக்காது. இரண்டையும் ஒப்பிடுங்கள். முகவரியில் வேறுபாடு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

படிப்பதற்கு நீங்கள் பழகிய எடிட்டரே போதும். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். நீண்ட வரிகள் மடங்கித் தெரிய வேண்டும்; நூற்றுக்கணக்கான ஸ்பேஸ்களுக்கு அப்பால், திரைக்கு வெளியே ஒரு கட்டளையை ஒளித்து வைப்பது பழைய தந்திரம். அதேபோல் கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறிகளை எடிட்டர் காட்ட வேண்டும். எழுத்தின் திசையை மாற்றும் குறிகளை வைத்து, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் தெரியும் நிரலை எழுத முடியும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள்.

படி 2: யார் பராமரிக்கிறார், எப்போது மாறினார்

பேக்கேஜ் பக்கத்தில் முதலில் ஏற்றியவர், இப்போதைய பராமரிப்பாளர், முதலில் ஏற்றிய தேதி, கடைசியாக மாற்றிய தேதி எல்லாம் இருக்கும். வாக்கு எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் 2018-இல் நடந்த ஒரு விஷயம்.

அடோபியின் பிடிஎஃப் வாசிப்பானுக்கான அக்ரோரீட் என்ற பேக்கேஜ் பராமரிக்க ஆளில்லாமல் அநாதையாகக் கிடந்தது. அப்படிக் கிடக்கும் பேக்கேஜை ஏயூஆரில் எவரும் தத்தெடுத்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் ஒரு கணக்கு அதை எடுத்துக்கொண்டு, பிகேஜிபில்டில் ஒரு வரியைச் சேர்த்தது. கேர்ள், ஒரு இணைய முகவரி, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அப்புறம் பேஷ். அவ்வளவுதான். இணையத்திலிருந்து ஏதோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, யார் கண்ணிலும் படாமல் நேரே ஓட்டிவிடும் வரி. அந்த ஸ்கிரிப்ட் கணினியின் விவரங்களைச் சேகரிக்க இன்னொன்றை இறக்கி, அது திரும்பத் திரும்ப ஓடும்படி, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு டைமரையும் வைத்தது. வேறு இரண்டு பேக்கேஜ்களிலும் இதே கைவரிசை இருந்தது. கண்டுபிடித்ததும் மாற்றங்களைத் திருப்பி, கணக்கை முடக்கினார்கள்.

பேக்கேஜின் பெயரும் வாக்குகளும் பழையவை. ஆள்தான் புதியவர். எனவே முதலில் ஏற்றியவரும் இப்போதைய பராமரிப்பாளரும் வேறாக இருந்தால் அது குற்றமல்ல, பல நல்ல பேக்கேஜ்கள் அப்படித்தான் கைமாறி வாழ்கின்றன. ஆனால் கைமாறிய பின் வந்த முதல் கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டும் வரி விடாமல் படித்துவிடுங்கள். கிட் லாகில் பெயர் மாறும் இடத்தைத் தேடினால் கிடைக்கும். அந்தப் பெயரையும் மின்னஞ்சலையும் எவரும் எப்படியும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அதை அடையாளமாக நம்பாதீர்கள், தேதிகளையும் மாற்றங்களையும் நம்புங்கள்.

படி 3: சோர்ஸ் வரிசை

ஒரே ஒரு இடத்தைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் படிப்பேன். சோர்ஸ் என்ற வரிசையில்தான் எந்தெந்த ஃபைல் எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கும்.

ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாகக் கேளுங்கள்: இது இந்த மென்பொருளை உருவாக்கியவர்களின் இடம்தானா? முகவரியை ஸ்கிரிப்டிலிருந்து காப்பி செய்து பார்க்காதீர்கள். மென்பொருளின் தளத்தை நீங்களே தேடிப்போய், அங்கிருந்து கிட்ஹப் பக்கத்துக்கோ டவுன்லோட் பக்கத்துக்கோ போய், இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கிட்ஹப்பில் மென்பொருளின் பெயர் சரியாக இருக்கும், அதற்கு முந்தைய கணக்கின் பெயர்தான் வேறாக இருக்கும். கண் வழுக்கிப்போகும் இடம் அது.

ஒரு முகவரிக்கு முன்னால் ஏதோ ஒரு பெயரும், இரண்டு இரட்டைப் புள்ளிகளும் இருந்தால், அந்தப் பெயர் இறக்கியபின் ஃபைலுக்கு வைக்கப்போகும் பெயர். ஸ்கிரிப்ட் எழுதியவர் தன் விருப்பப்படி வைப்பது. 2025 ஜூலையில் நடந்தது இதோடு சேர்ந்த கதை. ஜூலை 16 அன்று மாலை தொடங்கி, சில மணி நேரத்துக்குள் ஒரே கணக்கிலிருந்து லிப்ரெவுல்ஃப்-ஃபிக்ஸ்-பின், ஃபயர்ஃபாக்ஸ்-பேட்ச்-பின், ஸென்-பிரவுசர்-பேட்ச்ட்-பின் என்று மூன்று பேக்கேஜ்கள் ஏறின. பிரபலமான பிரவுசர்களின் திருத்திய பதிப்புகள் என்ற தோற்றம். சோர்ஸ் வரிசையில் பேட்ச்கள் என்ற பெயரில் ஒரு நுழைவு, அது போய்ச் சேர்ந்தது யாரோ ஒருவரின் கிட்ஹப் ரெப்போவுக்கு. உள்ளே பேட்ச் இல்லை. கேயாஸ் என்ற, கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் டிரோஜன் இருந்தது. ஜூலை 18 அன்று மூன்றையும் நீக்கினார்கள்.

பேட்ச் என்றால் பெரும்பாலும் சில கிலோபைட் அளவில், கூட்டல் கழித்தல் குறிகளோடு இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஏயூஆர் ரெப்போவுக்குள்ளேயே வைத்துவிடலாம். அதற்காகத் தனி கிட் ரெப்போ ஒன்றை, மென்பொருளோடு தொடர்பில்லாத கணக்கிலிருந்து இழுக்க வேண்டிய அவசியம் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலே அந்த மூன்று பேக்கேஜும் சிக்கியிருக்கும். "ஃபிக்ஸ்", "பேட்ச்ட்" போன்ற ஒட்டுகளும் என்னை நிற்க வைக்கும். அசல் பேக்கேஜில் என்ன கோளாறு, எதைச் சரி செய்திருக்கிறார்கள் என்று எங்கும் எழுதவில்லை என்றால் நான் தொடமாட்டேன்.

வழக்கமான ஒட்டுகளுக்கும் பொருள் உண்டு. பின் என்று முடிந்தால் ஏற்கெனவே கம்பைல் செய்த பைனரி வருகிறது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்கிரிப்டைப் படித்து அறிய முடியாது. எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே அறியலாம். ஆகவே முகவரி சரிபார்ப்பு இங்கே இரட்டிப்பு முக்கியம். கிட் என்று முடிந்தால் நீங்கள் கட்டும் நேரத்தில் அந்த ரெப்போவில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். நேற்று நீங்கள் படித்ததும் இன்று கட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

படி 4: செக்சமும் கையொப்பமும்

சோர்ஸ் வரிசையில் எத்தனை நுழைவோ, அத்தனை செக்சம்கள் அதே வரிசையில் இருக்க வேண்டும். சிலவற்றுக்கு ஸ்கிப் என்று போட்டிருப்பார்கள். நகரும் கிட் கிளையை இழுக்கும் பேக்கேஜுக்கு அது இயல்பு. ஒரு டார்பாலுக்கோ (சோர்ஸை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) ஆப்இமேஜுக்கோ (ஒரே ஃபைலாக வரும் செயலி) ஸ்கிப் போட்டிருந்தால் சரியில்லை; அந்த ஃபைலை யாராவது சர்வரில் மாற்றி வைத்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

செக்சம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. பராமரிப்பாளர் பார்த்த அதே ஃபைல்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. பராமரிப்பாளரே கெட்ட ஃபைலுக்குச் செக்சம் எழுதியிருந்தால் அழகாகப் பாஸ் ஆகிவிடும்.

பிஜிபி கையொப்பம் (உருவாக்கியவர் தன் சாவியால் ஃபைலுக்கு இடும் டிஜிட்டல் கையெழுத்து) அதைவிட ஒரு படி மேல். சாவியின் 40 எழுத்துக் கைரேகை ஸ்கிரிப்டில் இருக்கும். அதை மென்பொருளின் சொந்தத் தளத்தில் வெளியிட்ட கைரேகையோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடாமல் சாவியை இறக்குமதி செய்தால் பயனில்லை.

இதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் (ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்) பின்கதவு விஷயத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார்பால்கள் முறையாகக் கையொப்பமிட்டவைதான். கையொப்பமிடும் உரிமை பெற்றிருந்த ஆளே பின்கதவையும் வைத்தார். அதை இயக்கும் ஒரு ஃபைல் டார்பாலில் மட்டும் இருந்தது, கிட் ரெப்போவில் இல்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டிக் கண்டுபிடித்தார். அதற்குப்பின் ஆர்ச் உட்படப் பலரும் கையால் உருவாக்கிய டார்பாலைவிட கிட் டேகிலிருந்து (ரெப்போவில் ஒரு பதிப்புக்கு இட்ட குறியிலிருந்து) கட்டுவதை விரும்பத் தொடங்கினார்கள். ஏயூஆர் ஸ்கிரிப்ட் ஒன்று கிட் டேகைக் குறிப்பிட்டு இழுத்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை வரும்.

படி 5: ஃபங்ஷன்கள்

பில்ட் ஃபங்ஷனில் சிமேக், மெசன், மேக், கார்கோ போன்ற கட்டும் கருவிகளும், பேக்கேஜ் ஃபங்ஷனில் பிகேஜிடிர் என்ற ஃபோல்டருக்குள் ஃபைல்களை நகலெடுக்கும் வரிகளும் இருக்கும். இது அலுப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும். அலுப்பு கலைகிற இடத்தில் நில்லுங்கள்.

என் கண் தேடுவது இவை: கேர்ள், டபிள்யூகெட் (இறக்க வேண்டியது எல்லாம் சோர்ஸ் வரிசையில் இருக்க வேண்டும், ஃபங்ஷனுக்குள் இறக்கினால் செக்சமுக்கு வெளியே போய்விடுகிறது); பேஸ்64 அல்லது பதினாறு அடிமான எண்களாக, படித்துப் புரியாதபடி நீளும் சரம்; இவால் (ஒரு சரத்தைக் கட்டளையாக ஓட்டுவது); சூடோ (ரூட் உரிமை கேட்பது); வரியின் கடைசியில் தனியாக நிற்கும் & குறி, அதாவது வேலையைப் பின்னணிக்கு அனுப்புவது; ஹோம் ஃபோல்டரைத் தொடும் எந்தப் பாதையும்.

ஹோமைத் தொடுவதெல்லாம் தீய நோக்கம் அல்ல. ஒருமுறை ஒரு எடிட்டரின் ஸ்கிரிப்ட், டெஸ்க்டாப் ஃபைலை பிகேஜிடிருக்குப் பதில் நேரே என் ஹோமில் எழுதுவதைப் பார்த்தேன். எழுதியவர் தன் கணினியில் வேலை செய்ததை அப்படியே ஏற்றியிருந்தார். ஒரு கமென்ட் போட்டதும் அன்றே திருத்தினார். ஆனாலும் தவறு தவறுதான்: அந்த ஃபைல் பேக்மேனின் கணக்கில் வராது, பேக்கேஜை நீக்கினாலும் அங்கேயே கிடக்கும்.

என்பிஎம், கார்கோ, பிப் (நிரல் மொழிகளின் சொந்தப் பேக்கேஜ் கருவிகள்) பயன்படுத்தும் பேக்கேஜ்களில் ஒரு சங்கடம். கட்டும்போது அவை நூற்றுக்கணக்கான சார்புகளைத் தாங்களாகவே இறக்கும். அத்தனையையும் நீங்கள் படிக்க முடியாது. லாக் ஃபைலை (சார்புகளின் பதிப்புகளைப் பூட்டி வைத்த பட்டியலை) மதிக்கும் கட்டளையைப் பயன்படுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள்: கார்கோ என்றால் லாக்ட் ஆப்ஷன், என்பிஎம் என்றால் சிஐ.

படி 6: இன்ஸ்டால் ஃபைல்

ரூட்டாக ஓடுவது என்பதால் இங்கே பொறுமை காட்டுங்கள். நியாயமான இன்ஸ்டால் ஃபைல் பெரும்பாலும் ஒரு செய்தியை அச்சிடும்: "இந்தச் சேவையை இயக்க இப்படிச் செய்யுங்கள்" என்று. அது தானே சேவையை இயக்கினால், கேட்காமல் உங்களைக் குழுக்களில் சேர்த்தால், இணையத்தைத் தொட்டால், நான் மறுத்துவிடுவேன். ஐகான் கேஷ், டெஸ்க்டாப் பட்டியல் போன்றவற்றைப் புதுப்பிக்கும் வேலைகளை இப்போது பேக்மேன் ஹுக்குகளே (பேக்மேன் தானாக ஓட்டும் கட்டளைகளே) செய்துவிடுகின்றன, அவற்றுக்கு இந்த ஃபைல் தேவையில்லை.

படி 7: கட்டுங்கள், நிறுவும் முன் திறந்து பாருங்கள்

கட்டுவதையும் நிறுவுவதையும் ஒரே கட்டளையில் செய்யாதீர்கள். மேக்பிகேஜி கட்டி முடித்ததும் கிடைக்கும் பேக்கேஜ் ஃபைலின் உள்ளடக்கத்தை, நிறுவாமலேயே பேக்மேனின் க்யூ, எல், பி ஆப்ஷன்களால் பட்டியலிடலாம். ஒரு எழுத்துருப் பேக்கேஜ் என்றால் யூஎஸ்ஆர் ஷேர் ஃபான்ட்ஸுக்குக் கீழே மட்டும் இருக்க வேண்டும். அதில் சிஸ்டம்டி யூனிட், யூடெவ் விதி, சூடோயர்ஸ் ஃபைல், புரொஃபைல் ஸ்கிரிப்ட், பேக்மேன் ஹுக் ஏதாவது இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குறிப்பாக ஹுக்: இன்ஸ்டால் ஃபைலே இல்லாமல் ரூட்டாக ஓட ஒரு வழி அது. செட்யூஐடி பிட் வைத்த பைனரியும் (யார் ஓட்டினாலும் ஃபைலின் உரிமையாளருடைய உரிமையில் ஓடுவது) அப்படியே.

டெவ்டூல்ஸ் என்ற பேக்கேஜ் தரும் சுத்தமான குரூட்டில் (தனியே பிரித்த சூழலில்) கட்டுவது நல்ல பழக்கம், விடுபட்ட சார்புகள் வெளிப்படும், உங்கள் ஹோமும் விலகியிருக்கும். ஆனால் சார்புகளைச் சோதிக்கத்தான் அது உருவானது, தீய நிரலை அடைத்து வைக்கும் சிறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேம்கேப், ஷெல்செக் என்ற சோதனைக் கருவிகள் இரண்டும் எழுத்துப் பிழைகளையும் விதி மீறல்களையும் காட்டும். எழுதியவரின் நோக்கத்தை அவற்றால் காட்ட முடியாது.

படி 8: ஒவ்வொரு அப்டேட்டிலும் மாற்றத்தை மட்டும்

முதல்முறை எல்லோருமே கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறோம். ஆறு மாதம் கழித்து, பதினைந்து பேக்கேஜ் ஒன்றாக அப்டேட் ஆகும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கை தானாக என்டரை அழுத்துகிறது. அக்ரோரீட் வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து வந்ததும் அப்டேட் வழியாகத்தான்.

இது முதல் வாசிப்பைவிட எளிது, முழு ஸ்கிரிப்டையும் படிக்க வேண்டாம், டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) போதும். கையால் செய்வதென்றால் கிட் ஃபெட்ச் செய்து, உங்களிடம் உள்ளதற்கும் வந்ததற்கும் வேறுபாட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் மெர்ஜ் செய்யுங்கள். ஏயூஆர் ஹெல்பர் (இந்த வேலைகளைத் தானாகச் செய்யும் கருவி) என்றால், பாரு முன்னிருப்பாகவே மாற்றங்களைக் காட்டும். தமிழ் காதுக்கு அதன் பெயரே கட்டளையாகக் கேட்பது எனக்குப் பிடித்த விஷயம். யே என்ற ஹெல்பர் கேட்கும்போது "எல்லாம்" என்று பதில் கொடுங்கள்.

வழக்கமான டிஃப்பில் பதிப்பு எண் ஒரு வரி, செக்சம் ஒரு வரி மாறியிருக்கும். பத்து விநாடியில் கடந்துவிடலாம். முகவரி மாறியிருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். புதிதாக ஒரு இன்ஸ்டால் ஃபைல் முளைத்திருந்தால் படி 6. பதிப்பு எண் மாறாமல் செக்சம் மட்டும் மாறியிருந்தால் கட்டாயம் நில்லுங்கள்: உருவாக்கியவர் அதே எண்ணில் ஃபைலை மாற்றி வெளியிட்டிருக்கலாம், அப்படியானால் அவர்கள் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும். இல்லையென்றால் காத்திருங்கள்.

படிக்க வேண்டிய பேக்கேஜ்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் இதில் சேர்த்திதான். பேக்மேனின் க்யூ, எம் ஆப்ஷன்கள் அதிகாரபூர்வ ரெப்போவில் இல்லாத எல்லாவற்றையும் காட்டும். ஒருநாள் முயன்று மறந்துபோனவை அதில் நிறைய இருக்கும். நீக்குங்கள்.

படி 9: ஏதாவது கண்ணில் பட்டால்

புரியாத வரி என்றால் பேக்கேஜின் கமென்ட் பகுதியில் மரியாதையாகக் கேளுங்கள். பராமரிப்பவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், பெரும்பாலோர் விளக்கம் சொல்வார்கள். தெளிவாகத் தீய நிரல் என்றால் கமென்டோடு நிறுத்தாதீர்கள். பேக்கேஜ் பக்கத்திலிருந்தே நீக்கக் கோரிக்கை அனுப்புங்கள், எந்த கமிட், எந்த வரி என்று குறிப்பிட்டு. குளோன் செய்த ஃபோல்டரை அப்படியே வைத்திருங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால், பேக்கேஜை நீக்குவது போதாது. ஸ்கிரிப்ட் தனியாக வைத்த டைமரோ பைனரியோ பேக்மேனுக்குத் தெரியாது. நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். பேக்மேன் லாகில் நிறுவிய நேரத்தைப் பாருங்கள். வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டுகளையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் மாற்றுங்கள், பழைய சாவியைக் கிட்ஹப்பிலும் சர்வர்களிலும் நீக்குங்கள். அப்புறம் உங்கள் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சிஸ்டத்தைப் புதிதாக நிறுவுங்கள். பழைய ஹோமின் மறைந்த கான்ஃபிக் ஃபைல்களை அப்படியே திரும்பக் கொண்டுவராதீர்கள். பேஷ்ஆர்சியும், பயனருக்கான சிஸ்டம்டி யூனிட்களும், ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரும் அவற்றுக்குள்தான் இருக்கின்றன.